யார் என்பதும் எது என்பதும்

பழுது இருவகைப்படும். காலத்தால் வருவது ஒன்று. கை பட்டதால் வருவது மற்றொன்று. முன்னது மெல்ல வரும். வருமுன் இரைச்சல், சூடு, தாமதம் என்று பல அறிகுறிகளைக் காட்டும். பின்னது அவ்வாறன்று. வெள்ளிக்கிழமை மாலை வரை பொறி நன்றாய் இருந்தது. திங்கட்கிழமை காலை இல்லை. இடையிலே நிகழ்ந்தது ஒன்றுதான்: அதன் பெட்டியைத் திறந்து தூசி தட்டினார்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு நடுவராக அழைக்கப்படுவதால், கண்டியைச் சூழ்ந்த தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கத்துப் பாடசாலைகள் சிலவற்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைப்பதுண்டு. நடுவர்களை இருத்துவது பெரும்பாலும் கணினி ஆய்வுகூடத்தில். மேசைவிரிப்பும் மின்விசிறியும் நல்ல பூட்டும் ஒருங்கே அமைந்த அறை பல பாடசாலைகளில் அது ஒன்றே. அங்கே தேநீர் அருந்தியவாறு சுவரோரம் நோக்கினால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாலைந்து கணினிப் பெட்டிகள் தென்படும். 'பாவனைக்கு உதவாதவை' என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கும். எப்போது பழுதாயின என்று வினாவினால், "விடுமுறையில் திறந்து துடைத்தோம், ஐயா; அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை" என்ற மறுமொழியை ஒரு முறையன்று, பன்முறை கேட்டிருக்கிறேன்.

துடைத்த மறுநாள் எழாத பொறி இறந்த பொறி அன்று. பெரும்பாலும் அதன் உறுப்பு ஏதோ ஒன்று இருந்த இடத்தை விட்டு ஒரு நூலளவு விலகியிருக்கும்; அவ்வளவே. இதனை அறிந்தவர்கள் அப்பாடசாலைகளிலேயே இருக்கிறார்கள். அறிந்தும் பொறிகள் சுவரோரம் சேர்வதற்குக் காரணம், நாம் முதலிற் கேட்கும் கேள்வி என்பது என் துணிபு.

தமிழ்ப் பண்டிதனுக்குக் கணினியின் வயிற்றுக்குள் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். கேள்வி பற்றிய செய்தி இலக்கணக்காரனுடைய எல்லைக்கு உட்பட்டதன்றோ? நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. கணினி எழாத காலையில் பாடசாலையில் முதலில் எழும் குரல், "யார் இதைத் தொட்டது?" என்பது. இவ்வினா அந்த ஆறனுள் எதில் அடங்கும்? கேட்பவர் அறியாமையால் கேட்பதாகத் தோன்றும். ஆயின் விடையால் அவர் அறிந்துகொள்வது ஒரு பெயரை மட்டுமே. பெயர் தெரிந்த பின்னும் பொறி எழாது. அதட்டல் வினா என்று ஏழாவது ஒன்றை வகுத்தாலன்றி இதற்கு இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. 'யார்' என்னும் வினாச்சொல் உயர்திணை முப்பாலுக்கும் உரியது. 'எது' என்பது அஃறிணை ஒருமைக்கு உரியது. பழுதோ, ஒரு கம்பியிலோ, ஒரு பொருத்திலோ, ஒரு சிறு ஆளியிலோ அஃறிணையாய்க் கிடக்கிறது. அதனை உயர்திணை வினாவால் தேடினால் அகப்படுமா? "எது தொடப்பட்டது?" என்று கேட்பவனுக்கே அகப்படும். இது சொல் விளையாட்டு அன்று என்பதைப் பெட்டிக்குள் நிகழ்வதைக் கொண்டே காட்டலாம்.

கணினிப் பெட்டிக்குள் தாய்ப்பலகை என்று ஒரு பெரும் பலகை இருக்கிறது. ஏனைய உறுப்புகள் அதன்மேல் ஒட்டப்பட்டவை அல்ல, செருகப்பட்டவை. கடைவீதியில் 'ராம்' என்று வழங்கும் நினைவகத் தகடு ஒரு நீண்ட பிளவில் நிற்கிறது. அதைத் தூசி துடைக்க வெளியே எடுத்தவர் திரும்பச் செருகும்போது, தகடு உள்ளே போய்விட்டது போலவே தோன்றும். பக்கத்துக் கவ்வி 'டக்' என்று பூட்டும் வரை அழுத்தவில்லையாயின் அது போகவில்லை. மின்விசிறி சுழலும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. சில பொறிகள் விட்டுவிட்டுக் கூவித் தம் குறையைச் சொல்லும். உள்ளே ஒலிப்பான் இல்லாதவை வாய் திறவா. பார்ப்பவர் 'திரை போய்விட்டது' என்பார், திரையை மாற்றுவார், வேறு கணினியிலிருந்து கேபிளைக் கழற்றிப் பூட்டுவார். இப்போது இரண்டு கணினிகள் வேலை செய்யா.

அடுத்தது மின்சாரக் கம்பிகள். தாய்ப்பலகைக்கு மின் கொடுக்கும் அகன்ற பிளக் ஒன்று எவர் கண்ணுக்கும் தெரியும். மூலையில், மஞ்சள் கம்பி இரண்டும் கறுப்புக் கம்பி இரண்டும் சேர்ந்த சிறிய பிளக் ஒன்று தனியே உண்டு; சில பலகைகளில் அது எட்டுக் கம்பியாய் இருக்கும். செயலிக்கு மின் கொடுப்பது அது. அகன்றதைப் பூட்டிச் சிறியதை மறந்தால், மின்விசிறி சுழல்வதைக் கண்டு மின் வருகிறது என்று நம்பி ஏமாறுவோம். பெட்டியின் முகப்பிலிருக்கும் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பியோ இன்னும் வஞ்சகமானது. இரண்டே ஊசிகளில் நிற்கும் அது, தூரிகை பட்டாலும் கழன்றுவிடும். கழன்றால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினும் பொறி அசையாது. வெளிப்பார்வைக்கு அது முழுச் சாவு. உண்மையில் ஒரு நகத்தின் வேலை.

செயலியின்மேல் அமர்ந்திருக்கும் உலோகக் குளிராக்கியைக் கழற்றித் துடைப்பவர் உண்டு. அவ்வுலோகத்துக்கும் செயலிக்கும் இடையே ஒரு பசை இருக்கிறது; வெப்பத்தைக் கடத்துவதற்காகப் பூசியது. பல ஆண்டு சென்ற பொறியில் அது உலர்ந்து கட்டியாயிருக்கும். குளிராக்கியை அசைத்தால் அவ்வொட்டு விட்டுப்போகும். பழைய பசையை வழித்துப் புதிதாய்ப் பூசாமல் அமர்த்தினால், கணினி எழும். சில நிமிடங்களில் தானே அணையும், அல்லது நத்தையாய் ஊரும். 'நச்சுநிரல் புகுந்துவிட்டது' என்று அப்போது தீர்ப்புக் கூறப்படும். வட்டக் காசு போன்ற பற்றரி ஒன்றும் பலகையில் உண்டு. மூன்று வோல்ட்டு அதன் வலு. மின் இல்லாதபோதும் கணினியின் நாளையும் நேரத்தையும் காப்பது அதுவே. பழைய பொறிகள் பலவற்றில், எந்தத் தட்டிலிருந்து எம்முறையில் தொடங்குவது என்னும் தெரிவுகளையும் அதுவே காக்கிறது. அதைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டால், பொறி தன் பழக்கங்களை மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பும். தட்டு நலமாய் இருக்கவும் தட்டைக் காணவில்லை என்று சொல்லும். காரணம் தெரிந்தவர்க்கு அது ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் புதிய தட்டு வாங்கச் செலவு மதிப்பீடு எழுதுவார்.

இவையனைத்துக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. பழுது எங்கே இருக்கிறது என்பது, தொட்ட கைக்கு மட்டும் தெரியும். அக்கை எவருடையது? பெரும்பாலும் பதினைந்து வயது மாணவன் அல்லது மாணவியுடையது. "யார் தொட்டது?" என்று இரைந்த பின், அப்பிள்ளை வாய் திறக்குமா? 'நான் மேலேதான் துடைத்தேன்' என்றே சொல்லும். பற்றரியைக் கழற்றியதை மறைக்கும். பழுதுபார்ப்பவனுக்கு வேண்டிய ஒரே செய்தியை நாமே கொன்றுவிட்டோம்.

பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு பாடசாலையில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். தவணை தொடங்கிய நாளில் அங்கே ஐந்து கணினிகள் எழவில்லை. மாணவர்கள் வரிசையில் நிறுத்தப்பட்டு வேண்டியமட்டும் ஏசப்பட்டார்கள். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. சில கிழமை கழித்து, தகவல் தொழினுட்பம் கற்பிக்க இளம் ஆசிரியை ஒருவர் மாற்றலாகி வந்தார். அவர் அப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "பெட்டிக்குள் என்ன கண்டீர்களோ அதைக் கீறுங்கள், கை பட்ட இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள், பெயர் எழுத வேண்டாம்" என்றார். சித்திரம் என்று சொல்லத்தக்கவை அல்ல அவை. ஆயினும் ஒரு தாளில் காசு வடிவமும், ஒரு தாளில் நான்கு கம்பிப் பிளக்கும், இரண்டு தாள்களில் நினைவகத் தகடும் வட்டமிடப்பட்டிருந்தன. அன்று பிற்பகலுக்குள் மூன்று கணினிகள் எழுந்தன. நான்காவதற்குக் கண்டிக் கடையிலிருந்து பசை வாங்கிவர வேண்டியிருந்தது.

ஐந்தாவது மெய்யாகவே கெட்டது. அதன் படமும் வந்திருந்தது. பெட்டியின் பின்புறத்தில் ஒரு சிவப்பு ஆளி. பழைய மின்வழங்கிகளில் 115 என்றும் 230 என்றும் எழுதிய அவ்வாளி இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. தூசி துடைத்த கை அதை 115 பக்கம் தள்ளிவிட்டது. மின் கொடுத்ததும் வெடியோசையுடன் மின்வழங்கி எரிந்தது. அப்படத்தைக் கீறிய பிள்ளை வட்டத்துக்குள் வட்டமாய்ப் பலமுறை கீறியிருந்ததாம். ஆசிரியை அதைப் பற்றி எவரிடமும் கேட்கவில்லை. ஏனைய பொறிகளின் அவ்வாளிகளை 230இல் நிறுத்தி, மேலே ஒட்டுத்தாள் ஒட்டுவித்தார்.

சிறு பாடசாலைச் செய்தியைப் பெரிதாக்குகிறேன் என்று எண்ணவேண்டா. சுத்தம் செய்ததன்பின் வந்த பழுதினால் எழுபது உயிர்கள் மாய்ந்த வரலாறு உலகறிந்தது. 1996ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் நாள், பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து சாந்தியாகோ நோக்கி ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 விமானம் இரவிலே புறப்பட்டது. அதற்குமுன் அதன் உடலைக் கழுவி மினுக்கியிருந்தார்கள். விமானத்தின் பக்கத்தில் சிறு துளைகள் உண்டு. வெளிக்காற்றின் அமுக்கத்தை அவற்றின் வழியே அறிந்துதான் உயரமும் வேகமும் கணிக்கப்படும். கழுவும் நீர் புகாதிருக்க அத்துளைகளை ஒட்டுநாடாவால் மூடினார்கள். மூடியதைப் பின்னர் எடுக்கவில்லை. வானில் கருவிகள் யாவும் பொய் கூறின. தாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதை அறியாமலே விமானிகள் கடலில் வீழ்ந்தனர். விமானத்திலிருந்த எழுபதின்மரும் இறந்தனர்.

பின்பு 'யார்' என்ற வினா எழுந்தது. நாடாவை எடுக்க மறந்த தொழிலாளி ஒருவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அது நீதிமன்றத்தின் வேலை. அதனை நான் குறை கூறேன். ஆனால், 'எது' என்று கேட்டவர்க்குக் கிடைத்த விடை வேறு. அந்த நாடா வெள்ளி நிறத்தது. விமானத்தின் உடலும் வெள்ளி நிறத்தது. இரவில், தரையில் நின்று நோக்கியவர் கண்ணுக்கு அது புலப்படவில்லை. புறப்படுமுன் சுற்றி வந்து பார்த்தவரும் காணவில்லை. நல்ல சிவப்பு நிறத்தில், வால் போல் தொங்கும் துணியோடு கூடிய மூடி இருந்திருந்தால், பத்துப் பேருள் ஒருவராவது கண்டிருப்பார். தொழிலாளியைத் தண்டித்ததால் அடுத்த விமானம் காக்கப்படுவதில்லை. மூடியின் நிறத்தை மாற்றினால் காக்கப்படும். அந்த இளம் ஆசிரியை ஆளியின்மேல் ஒட்டிய தாளும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். கைபடுவதால் பழுது வருமாயின், கை படாமலே விட்டுவிடலாமே என்பர். அதிபர்கள் சிலர் அவ்வாறே செய்கின்றனர். ஒருமுறை கெட்டதும், 'பெட்டியை எவரும் திறக்கலாகாது' என்று எழுதி மாட்டிவிடுகின்றனர். அவர்கள் துணைக்கு ஒரு பேரறிஞரை அழைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின்போது, பிரித்தானிய விமானப்படையின் கரையோரப் பிரிவில் பணியாற்றிய வாடிங்டன் என்னும் உயிரியல் அறிஞரும் அவர் குழுவினரும், லிபரேற்றர் விமானங்களின் பழுதுக் கணக்கை ஆராய்ந்தனர். ஒவ்வொரு ஐம்பது மணிநேரப் பறத்தலுக்கும் ஒருமுறை அவ்விமானங்களைப் பிரித்துப் பார்த்துச் செப்பஞ் செய்வது வழக்கம். எதிர்பாராத பழுதுகள் அச்செப்பத்துக்கு முன்பு மிகுந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். கணக்குக் காட்டியதோ நேர்மாறு: செப்பஞ் செய்த உடனே பழுது மிகுந்தது, பின் நாட்செல்லச் செல்லக் குறைந்தது. நன்றாயிருந்ததைக் கலைத்ததே காரணம் என்று அவர்கள் கண்டனர். போர்க்கால மறைபொருளாய் இருந்த இவ்வாராய்ச்சி 1973இலேயே நூலாக வெளிவந்தது.

ஆனால், வாடிங்டன் விமானத்தைத் திறக்கவே வேண்டா என்று சொல்லவில்லை. எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திறப்பது, திறந்து எதைத் தொடுவது, எதைத் தொடாது விடுவது என்று கணக்கிடச் சொன்னார். நமக்கும் அதுவே வேண்டும்.

திறவாமலே விடுவது நம் ஊரில் இயலாது. கரும்பலகைச் சுண்ணத்தூள் வகுப்பறைக்கு வகுப்பறை பறக்கிறது. வீதிப்புழுதி சன்னல் வழியே வருகிறது. எறும்பும் கரப்பானும் பல்லியும், சூடான பெட்டியைத் தமக்கென்று கட்டிய வீடாகக் கருதிக் குடியேறுகின்றன. தூசி குளிராக்கியின் இதழ்களுக்கிடையே கம்பளிபோற் படிந்தால் காற்று நுழையாது. பொறி வெந்து கெடும். போதாக்குறைக்கு இது மலைநாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும்போது, பெட்டிக்குள் படிந்த தூசி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. செப்புத் தொடுமுனைகள் பசுமை பூக்கின்றன. ஆதலின் துடைக்கத்தான் வேண்டும். எப்படி, எப்போது என்பதே கேள்வி.

எப்போது என்பதற்கு விடை எளிது. நம்மவர் துடைப்பது, மேலதிகாரி பார்வையிட வருவதற்கு முதல்நாள். இதைவிடத் தீய நாளைப் பஞ்சாங்கத்தில் தேடினும் காண்பது அரிது. விடுமுறையின் கடைசி நாளும் ஆகாது. பரீட்சைக்கு முந்திய கிழமை ஆகவே ஆகாது. தவணை முடிந்த மறுநாள் துடைத்தால், பழுது வந்தாலும் பார்க்க நாளிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும்.

எப்படி என்பதில் நம்மிடையே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், ரயர்க் கடையில் காற்றடிக்கிறார்கள். அக்காற்றில் நீரும் எண்ணெயும் கலந்திருக்கும். அது தூசியைப் போக்கி ஈரத்தைக் குடியேற்றும். அதன் வேகத்தில் மின்விசிறிகள் தம் அளவை மீறிச் சுழன்று அச்சும் தேயும். கையால் இயக்கும் சிறு ஊதியும், ஓவியர் வைத்திருக்கும் மென்றூரிகையும் போதும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதவேண்டும். உடம்பிலிருந்து பாயும் நிலைமின்சாரத்துக்கு அஞ்சும்படி அந்நிய நாட்டு வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. அச்சம் முற்றும் பொய்யன்று. பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நன்று. ஆயினும் அது உலர்ந்த குளிர் நாடுகளின் முதற்பகை. கண்டியில் முதற்பகை ஈரம். ஈரத் துணியால் துடைப்பவர், கழுவிய கையோடு தொடுபவர், துடைத்த உடனே மின் கொடுப்பவர் ஆகிய மூவரையுமே நான் அஞ்சுகிறேன்.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் பிள்ளைகள் திறக்கவே கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளே கொல்லத்தக்க மின் தங்கியிருக்கும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஏனைய பகுதிகளைத் தொடுவதற்கும் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, முகப்புப் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தி எஞ்சிய மின்னை வடித்த பின்னரே கை வைக்கவேண்டும்.

இனி மீட்கும் முறை. துடைத்தபின் பொறி எழவில்லையாயின், புதிய நோயைத் தேடப் புகவேண்டா. செய்ததைப் பின்னோக்கி நடத்திப் பார்க்கவேண்டும். பின்புறத்து ஆளி போட்டிருக்கிறதா, திரையின் கேபிள் முன்பிருந்த துளையிலேயே இருக்கிறதா என்பவற்றை முதலிற் பார்க்கவேண்டும். இவை எளியவை, ஆதலின் எவரும் பாரார். பிறகு நினைவகத் தகட்டை எடுத்துத் திரும்ப அழுத்துக. பின்னர்ச் சிறிய பிளக். அப்பாலும் எழாவிடின், இன்றியமையாதவை தவிர ஏனையவற்றைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு நினைவகத் தகட்டோடு எழுப்பிப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து வரவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றே மாறவேண்டும் என்பது இதில் உயிர்நாடி. பொறுமையற்றவர் மூன்றை ஒருங்கே மாற்றுவர். பொறி எழுந்தால் எதனால் எழுந்தது என்று அறியார். எழாவிடில் எதனைப் புதிதாய்க் கெடுத்தோம் என்றும் அறியார்.

இம்முறை தமிழ் கற்றவர்க்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடியைப் பேணுவதிலும் இதே இடர் இருந்தது. சுவடியைப் பிரித்து, தூசி தட்டி, புல்லெண்ணெய் பூசி, மீண்டும் கட்டி வைப்பார்கள். சிங்கள மக்கள் தும்மல என்னும் பிசினெண்ணெயைத் தடவுவார்கள். செய்யாவிடின் பூச்சி அரிக்கும். செய்தாலோ, அவிழ்த்த கட்டைத் திரும்பக் கோக்கும்போது ஏடுகள் முறைமாறும். ஒரு நூலின் ஏடு மற்றொரு நூலுக்குள் போய்ச் சேரும். கட்டை அவிழ்க்கும்போதே ஏடு ஒடிவதை எண்ணிச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையிலே நொந்து எழுதினார். ஏடு முறைமாறிக் கிடப்பதைக் கண்ட பதிப்பாசிரியர், 'இந்நூல் அழிந்தது' என்று கைவிட்டிருந்தால் நமக்கு இன்று என்ன எஞ்சியிருக்கும்? அவர்கள் ஏட்டெண்ணைப் பார்த்தார்கள். எண் தேய்ந்த இடத்தில் அந்தாதியையும் பொருட்டொடர்பையும் கொண்டு ஏட்டை அதன் இடத்தில் வைத்தார்கள். எந்தக் கை முறைமாற்றிக் கட்டியது என்று ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை.

அன்று ஏட்டெண் செய்த பணியை இன்று கைப்பேசி செய்யும். பெட்டியைத் திறந்ததும், எதையும் தொடுமுன், நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டால், பிறகு ஐயம் எழுந்த இடத்தில் படத்தைப் பார்த்துத் தெளியலாம். ஒரு சதமும் செலவில்லை. இதைச் செய்யாத பாடசாலைகள் பல. செய்யும் கைப்பேசியோ எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது.

செலவைப் பற்றிப் பேச்சு வந்தமையால் ஒன்று கூறவேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கணினியின் உறுப்புகள் யாவும் கடல் கடந்து வருபவை. அதன்பின், தோட்டப்புறத்துப் பாடசாலை ஒன்று தானே பணம் சேர்த்துப் புதுக் கணினி வாங்குவதென்பது பேச்சளவில் நின்றுவிட்டது. இந்நிலையில், ஆண்டிறுதிப் பொருட் கணக்கெடுப்பில் ஐந்து கணினிகளைக் கழித்து எழுதுவது, ஐந்து வரியை எழுதுவதன்று. சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்த பிள்ளைகள், ஒரு விசைப்பலகைக்கு நால்வராய் அமர்ந்து, ஒருவர் தட்ட மூவர் பார்த்திருப்பதை அது குறிக்கும். அம்மூவருள் பெண்பிள்ளைகளே மிகுதி என்பதையும் கண்டிருக்கிறேன்.

நகரத்துக் கடைக்குக் கொண்டுபோகலாமே என்பர். தோட்டத்திலிருந்து பேருந்தில் ஏற்றி, வளைவும் குழியுமான வழியில் கண்டிக்குக் கொண்டு வந்தால், கடைக்காரர் ஒரு தகட்டை அழுத்திக் கொடுப்பார், கணினி எழும். அதே வழியில் திரும்பக் கொண்டு போகையில் அது மீண்டும் அசைந்துவிடும். கடைக்காரர்மீது பிழையில்லை. வேலை தெரிந்த கை பாடசாலையிலேயே இருக்கவேண்டும் என்பதுதான் இதன் பொருள். உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இல் தொடங்கப்பட்டது. அத்துறை மாணவர்கள் தாளிலே எழுதும் விடைகளுள் ஒன்றை ஆண்டுக்கொருமுறை கையாலும் எழுதட்டுமே.

மொழி பற்றி ஒரு சொல். இவ்வேலையைத் தமிழில் எழுதி ஆய்வுகூடச் சுவரில் மாட்டவேண்டும் என்று நான் சொன்னபோது, 'கலைச்சொல் எங்கே?' என்று கேட்டார்கள். தாய்ப்பலகை என்பது பாடநூலில் வந்து நிலைத்துவிட்ட நல்ல சொல்; வைத்துக்கொள்வோம். ராம் என்பதற்கு மூன்று சொல் நீளத்தில் ஒரு மொழிபெயர்ப்பு எழுதி, பிள்ளை அதைப் படித்துப் பொருளுணர்வதற்குள் மணியடித்துவிடும். ராம் என்றே எழுதுக. பிளக், கேபிள், பற்றரி என்பனவும் அவ்வாறே. கடையிலே கேட்டு வாங்கும் சொல்லும் சுவரிலே எழுதிய சொல்லும் ஒன்றாயிருக்கவேண்டும். தூய தமிழ் அன்பர்கள் என்னைச் சினவற்க. வினைச்சொற்கள் அத்தனையும் நம்முடையவை. கழற்று, துடை, செருகு, அழுத்து, பூட்டு, பார் என்னும் ஆறு ஏவல் வினைகளால் அவ்வழிகாட்டி முழுவதையும் எழுதிவிடலாம்.

மேலும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கொப்பி வேண்டும் என்பது என் கருத்து. திறந்த நாள், தொட்டவை, கழற்றியவை, மாற்றியவை என்று நான்கு கட்டம் கீறினால் போதும். இதனை ஓர் அதிபரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றார். உடனே, செய்தவர் பெயருக்கு ஒரு கட்டம் வேண்டாமா என்று கேட்டார். அந்த ஒரு கட்டத்தைக் கீறினால் மற்ற நான்கு கட்டங்களிலும் உண்மை ஏறாது என்று எவ்வளவோ எடுத்துரைத்தேன். அவர் தலையசைத்தார். அடுத்த முறை போனபோது கொப்பி மேசைமேல் இருந்தது. ஐந்தாவது கட்டமும் இருந்தது. அதற்குள் 'எல்லாரும்' என்று பிள்ளைகள் எழுதி வைத்திருந்தார்கள்.